சர்க்கரை சுகரான வழி

'சுகர்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் வடமொழியின் 'சர்க்கரா'. சரளை, பருமணல் என்பதே அதன் முதற்பொருள். கரும்புச்சாறு காய்ச்சி மணல்போல் திரண்டதற்கும் அப்பெயரே நிலைத்தது. பாரசீகத்தில் அது 'ஷகர்', அரபியில் 'சுக்கர்'. அரேபியர் சிசிலியிலும் ஸ்பெயினிலும் கரும்பு பயிரிட்டபோது சொல்லும் உடன் சென்றது. இடைக்கால லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. 'ஜாகரி' இதன் உடன்பிறப்பு: மலையாளச் 'சக்கர'யைப் போர்த்துகீசியர் எடுத்துச்சென்ற வடிவம். தமிழ்ச் சர்க்கரையும் இதே குடும்பம். மலாயின் 'குலா' மட்டும் வெல்லத்தைக் குறிக்கும் வேறொரு வடமொழிச் சொல்லின் வழி.

19ஆம் நூற்றாண்டில், இன்றைய மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள சுங்கை பாக்காப் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கடுமையாக உழைத்தனர். சுகர், குலா, சர்க்கரை மூன்றுக்கும் பொதுவான களம் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கரும்பின் இடத்தை ரப்பர் பிடித்தது.