புதைத்த நகையைத் தேட ஸ்கானர் வாங்கலாமா?

“முருங்கைக்கும் கிணத்துக்கும் நடுவிலைதான் தாட்டனான். பால்மா ரின்னுக்குள்ளை போட்டு, அதைச் சுத்தி சொப்பிங் பை கட்டி” என்கிறார் புதுக்குடியிருப்புப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் அக்கா. 2009 இன் தொடக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது புதைத்தது அது. ஒரு தாலிக்கொடி, இரண்டு சோடிக் காப்பு, மகளின் தோடு. மீள்குடியேறி வந்தபோது முருங்கை இல்லை. கிணறு தூர்ந்திருந்தது. காணியை யாரோ டோசர் போட்டு மட்டப்படுத்தியிருந்தார்கள். இப்போது கனடாவில் இருக்கும் தம்பியின் மகன், “மாமி, ஒரு ஸ்கானர் வாங்கிக்கொண்டு வரட்டா?” என்று கேட்கிறான். “எதை வாங்கச் சொல்லுறது தம்பி?” என்று அக்கா என்னைக் கேட்டார்.

இதே கேள்வியை இன்னும் சில வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். நகையோடு இடம்பெயர்ந்தவர்களும் உண்டு, புதைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. புதைத்தவர்களில் பலருக்கு அந்த இடம் கனவில் மட்டும் துல்லியமாக வருகிறது.

ஸ்கானர் என்று நாம் சொல்லும் உலோகம் கண்டறியும் கருவிக்குத் தங்கம் என்றால் என்னவென்று தெரியாது. அதன் அடியிலுள்ள வட்டத் தட்டில் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் மின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் சிறு மின்னோட்டம் எழும். அது திருப்பி அனுப்பும் புலத்தைக் கருவி உணர்ந்து சத்தமாக்கும். அந்தப் பொருள் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது, எவ்வளவு பெரியது, என்ன வடிவம், இரும்பைப் போலக் காந்தத் தன்மை உள்ளதா என்பவற்றின் கலவைதான் அந்தச் சத்தம். திரையில் தெரியும் இலக்கமும் அதுவே. மீதியெல்லாம் நமது ஊகம்.

சுற்றிலும் வேறு உலோகம் இருந்தால் இந்த ஊகம் எப்படிப் பிழைக்கும் என்பதற்கு, கருவி பிறந்த காலத்திலேயே உதாரணம் உண்டு. 1881 இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் இருந்த சன்னத்தைத் தேட, தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல் ஒரு கருவி செய்து கொண்டுவந்தார். கருவி வேலை செய்தது. ஆனால் ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் உருக்குச் சுருள்கள் இருந்தன. மருத்துவரோ உடலின் வலப்பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். சன்னம் இடப்பக்கம் கிடந்தது. அந்த செப்டெம்பரில் கார்ஃபீல்ட் இறந்தார்.

நமது காணிகளில் மெத்தைச் சுருள் மட்டுமா கிடக்கிறது? எறிகணைச் சிதறல், துவக்குச் சன்னம், வெற்றுக் கோது, எரிந்த வீட்டின் ஆணி, கூரைத் தகரம், பங்கருக்குப் போட்ட இரும்பு, மருந்து வில்லைத் தகடு, ஊசி மருந்துப் போத்தலின் அலுமினிய மூடி. கடைசிப் போர் நடந்த பகுதிகளில் கருவியை ஒருமுறை வீசினால் சத்தம் நிற்காது.

அதனால் வாங்குபவர்கள் முதலில் கேட்பது, “இரும்பை விலக்கிப் போட்டுத் தங்கத்தை மட்டும் காட்டுமா?” என்பது. அந்த வசதி உண்டு. வி.எல்.எவ். எனப்படும் சாதாரண வகைக் கருவிகளில் இரும்புக்குச் சத்தம் வராமல் அடக்கி வைக்கலாம். விற்பனைக் காணொளிகளில் இதைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். நமது மண்ணில் இந்த வசதிதான் பெரிய பொறி.

அக்காவின் நகை இருப்பது பால்மா ரின்னுக்குள். அந்த ரின் இரும்புத் தகடு. இரும்பை அடக்கிவிட்டுத் தேடினால், நகை கிடக்கும் இடத்துக்கு மேலாகவே கருவி பேசாமல் போய்விடக்கூடும். கறல் பிடித்த தட்டையான தகரம் இன்னொரு விளையாட்டுக் காட்டும்: பரப்புப் பெரிது என்பதால் சில வேளை செம்பு, வெள்ளி போல உயர்ந்த இலக்கம் காட்டி ஏமாற்றும். இரும்புத் துண்டொன்றின் பக்கத்தில் மோதிரம் கிடந்தால் இரும்பின் நிழலில் மோதிரம் மறைந்துபோகும்.

பிளாஸ்ரிக் பையில் மட்டும் சுற்றிப் புதைத்தவர்களுக்கு வேறு சிக்கல். மூடிய வளையத்தில் மின்னோட்டம் நன்றாகச் சுற்றும் என்பதால் காப்பும் மோதிரமும் தெளிவாகக் கேட்கும். மெல்லிய சங்கிலி அப்படியல்ல. கருவி அதை ஒரு பொருளாகப் பார்ப்பதில்லை, தனித்தனிச் சின்ன வளையங்களாகவே பார்க்கிறது. பாரமான சங்கிலி கூட மிகச் சிறிய சத்தத்தோடு தப்பிவிடும். சிறிய தங்கப் பொருளும் அலுமினியத் துண்டும் ஏறக்குறைய ஒரே இலக்கத்தில்தான் விழும். அலுமினியத்தை விலக்கினால் தங்கத்தையும் விலக்கியதாகிவிடும். ஆகவே என்ன புதைத்தோம் என்பதைவிட, எதற்குள் போட்டுப் புதைத்தோம் என்பதை முதலில் நினைவுபடுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதானால், குப்பை நிறைந்த நிலத்துக்குப் பெரிய தட்டு வேண்டாம். 11 அங்குலத் தட்டு ஒரே நேரத்தில் நாலைந்து துண்டுகளைக் கேட்டுக் குழம்பும். 6 அங்குலத் தட்டு ஆழம் குறைவாகப் பார்த்தாலும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும். ஒரு சத்தத்திலிருந்து அடுத்ததற்கு விரைவாக மீளும் கருவியாக இருப்பது முக்கியம். முல்லைத்தீவுக் கரையோரத்தின் ஈர உப்பு மணலும், இரும்புச் சத்துள்ள செம்மண்ணும் தாமாகவே கருவியைக் கத்த வைப்பவை. ஒற்றை அதிர்வெண் கருவிகள் இங்கே தடுமாறும். பல அதிர்வெண்களில் வேலை செய்பவை (மைன்லாப் நிறுவனத்தின் ஈக்குவினொக்ஸ் அப்படியொன்று) பரவாயில்லை. பல்ஸ் இன்டக்ஷன் வகை உப்பு மண்ணையும் செம்மண்ணையும் நன்றாகத் தாங்கும், ஆழமும் போகும். ஆனால் எது இரும்பு எது தங்கம் என்று பிரிப்பதில் பலவீனம். ஒரு மோதிரத்தைச் சாதாரணக் கருவி 15, 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் கண்டாலே நல்லது. முழு ரின் என்றால் இன்னும் ஆழத்தில் கேட்கும்.

அன்ரெனாக் கம்பிகள் நீட்டிக்கொண்டு, நூறு மீற்றருக்கு அப்பால் கிடக்கும் தங்கத்தைக் காட்டும் என்று விற்பவற்றைத் தொடவே வேண்டாம். அதே மாதிரியான ஒரு போலிக் கருவியை வெடிகுண்டு காட்டும் என்று ஈராக்குக்கு விற்ற பிரித்தானியர் ஜேம்ஸ் மெக்கோர்மிக்குக்கு 2013 இல் 10 ஆண்டுச் சிறை கிடைத்தது. கோல்ஃப் பந்து தேட என்று விற்ற விளையாட்டுச் சாமானிலிருந்து வந்தது அது. உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவுமில்லை.

இனி, கடையில் யாரும் சொல்லாத விடயம்.

இதே மண்ணில் இதே மாதிரியான கருவியோடு தினமும் வேலை செய்பவர்கள் கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள். அவர்கள் எந்த உலோகத்தையும் விலக்குவதில்லை. இங்கே விதைக்கப்பட்ட பி-4 போன்ற மிதிவெடிகளின் உடல் பிளாஸ்ரிக். ஜொனி என்று நாம் அறிந்ததில் மரப்பெட்டியாலானவையும் உண்டு. அவற்றுக்குள் இருக்கும் உலோகம் மிகக் கொஞ்சம். கருவிக்கு அது ஓர் ஆணி, ஒரு சிதறல் துண்டு. ஆகவே ஒவ்வொரு சத்தத்தையும் மிதிவெடி என்றே எண்ணி, பக்கவாட்டிலிருந்து மெதுவாக மண்ணை எடுத்துப் பார்க்கிறார்கள். உலோகக் குப்பை அளவுக்கு மீறிய இடங்களில் கருவியை நம்பாமல், நீண்ட பிடியுள்ள வாரியால் நிலத்தை அங்குலம் அங்குலமாகக் கிளறும் முறையும் இலங்கையில் நடைமுறையில் உள்ளது. பயிற்சியும் பாதுகாப்பு உடையும் உள்ளவர்களே கருவியை ஒதுக்கிவைக்கும் நிலம் அது.

நமது வீட்டுப் பிள்ளை சின்னச் சத்தத்தை “குப்பை” என்று மிதித்துக் கடப்பான். பெரிய சத்தத்தை “ரின்” என்று அலவாங்கால் குத்துவான். முதலாவது மிதிவெடியாகவும் இரண்டாவது வெடிக்காத எறிகணையாகவும் இருக்கலாம்.

இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 யூன் 1. அதாவது வேலை இன்னும் முடியவில்லை. விடுவிக்கப்பட்ட காணி என்றாலும் குறித்த ஓர் ஆழம் வரைக்கும்தான் சோதித்திருப்பார்கள். அதற்குக் கீழே தோண்டுவது வேறு கதை. எனவே கருவியின் விலையை விசாரிக்க முன்னர், உங்கள் காணி எந்த ஆண்டு, எந்த நிறுவனத்தால், எவ்வளவு ஆழத்துக்குத் துப்புரவு செய்யப்பட்டது என்பதைக் கிராம அலுவலர், பிரதேச செயலகம் ஊடாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டோரக் காணி, பழைய முன்னரங்கு, மண் அணை இருந்த இடம் என்றால் எந்தக் கருவியும் வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ சொல்லுங்கள்.

சட்டமும் உண்டு. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி அனுமதியில்லாமல் தோண்டுவது சொந்தக் காணியிலும் குற்றம். நீங்கள் தேடுவது சொந்த நகைதான். ஆனால் ஸ்கானரும் மண்வெட்டியுமாக இரவில் நிற்பவரைப் புதையல் தோண்டுபவர் என்றுதான் பொலிஸ் பிடிக்கும். ஊரும் புலிகளின் தங்கம் தேடுகிறார் என்றே பேசும். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பகலில் செய்யுங்கள்.

தோண்டும்போது எலும்போ, உடைத் துண்டோ, இலக்கத் தகடோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழி 2023 யூன் இறுதியில் தண்ணீர்க் குழாய்க்கு மண் வெட்டியபோதுதான் வெளிப்பட்டது. இலக்கத் தகடு ஒன்று எந்த எலும்போடு, எந்த ஆழத்தில் கிடந்தது என்பது ஒரு தாய்க்குக் கிடைக்கக்கூடிய ஒரே பதிலாக இருக்கலாம். இடம் மாறினால் அந்தப் பதிலும் போய்விடும். நீதவானின் உத்தரவின் கீழ் நடக்க வேண்டிய அகழ்வு அது.

அக்காவிடம் இவ்வளவையும் சொன்ன பிறகு, காசு செலவில்லாத ஒன்றைச் செய்து பார்த்தோம். கூகிள் ஏர்த்தில் பழைய செய்மதிப் படங்களை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். எல்லா இடத்துக்கும் தெளிவான படம் கிடைக்காது. அவருடைய காணிக்குப் போருக்கு முந்திய படமொன்று ஓரளவு தெளிவாக இருந்தது. மடிக்கணினித் திரையை விரலால் தடவிக்கொண்டிருந்தவர், ஓர் இருண்ட வட்டத்தில் விரலை நிறுத்தினார். “இதுதான் எங்கடை கிணறு. நான் இவ்வளவு நாளும் மற்றப் பக்கமெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

அந்தப் பக்கத்துக் காணி எவ்வளவு ஆழத்துக்குச் சோதிக்கப்பட்டது என்று பிரதேச செயலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் வரும்வரை எதையும் வாங்க வேண்டாம் என்று மருமகனுக்கும் சொல்லிவிட்டார்.