நின்ற வண்டி

பழைய பிரித்தானியப் புகையிரதப் படங்களைச் சேகரிக்கும் அபிமானிகள் நீராவி இயந்திரங்களின் இலக்கங்களைக்கூட மறப்பதில்லை. தமிழாசிரியனான நான் அப்படங்களிலே தேடுவது குளொஸ்டர்ஷயரின் அட்ல்ஸ்ட்ரொப் என்னும் சிற்றூர் நிலையத்தை. 1914 யூன் 24 இல் எட்வேர்ட் தோமஸ் பயணஞ்செய்த வண்டி அங்கே சற்று நின்றது. அந்த அமைதியே பின்னர் அவரது கவிதையாயிற்று.

"ஒன்றுமே நடக்கவில்லையே, சேர்!" என்றான் என் மாணவனொருவன். உண்மைதான். ஆனால் ஆறு கிழமைகளுக்குள் பிரித்தானியா யுத்தத்தில் இறங்கியது. 1917 இல் அராஸ் போர்க்களத்திலே கவிஞர் மாண்டார்.

நட்டக் கணக்குப் பார்த்த பீச்சிங் அறிக்கை 1963 இல் வந்தது. 1966 இல் நிலையமும் மூடப்பட்டது. வண்டிகள் இன்றும் அவ்வழியே ஓடுகின்றன, நிற்பதில்லை. மேடையும் கட்டடமும் அபிமானிகளின் படங்களில் இருக்கின்றன. பழைய பெயர்ப்பலகையோ ஊரின் பஸ் தரிப்பிடத்தில். அங்குள்ள வாங்கிலே அக்கவிதை பொறித்த தகடு.