கருமருந்தின் பாதை – 11: அடுத்தவர் நிரப்பிய தோட்டா

குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். காவல்துறைப் பதிவுகளில் ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று வருவது அதுதான். ஆபத்தான கருவிதான், ஆனாலும் அதில் ஒரு தெளிவு உண்டு. கருமருந்தை அளந்து கொட்டுவது, மேலே துணியோ தேங்காய் நாரோ வைத்துக் கம்பியால் இடிப்பது, பால்ரஸ் குண்டுகளைப் போடுவது, கடைசியில் விசையை இழுப்பது என எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆளின் வேலை. உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்பது சுடுகிறவருக்குத் தெரியும். இந்த டெல்டா கரையில் கொக்கும் குருவியும் சுட்டுப் பிழைத்த நரிக்குறவர் பெரியவர்கள் கண்ணையும் கையையும் காத்துக்கொண்டது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

தோட்டா வந்த பிறகு கணக்கு வேறு கைக்குப் போய்விட்டது. பின்பக்கம் மடக்கித் திறந்து தோட்டா போடும் துப்பாக்கியை 1830களில் பாரிஸில் உருவாக்கியவர் காசிமிர் லெஃபோஷே. மருந்து, அதைப் பற்றவைக்கும் கேப், குண்டு மூன்றும் ஒரே குப்பிக்குள் அடங்கின. மழையிலும் சுடலாம், நொடியில் மறுபடி நிரப்பலாம். ஆனால் மூடிய குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று சுடுகிறவர் பார்க்க வழியில்லாமல் போயிற்று. தெரிந்தவர் ஒருவர் தம் வீட்டில் நிரப்பிக் கொடுத்த தோட்டாவை நாம் சுடலாமா? கூடாது என்பதுதான் என் முடிவு. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது.

சுட்டு முடித்த பித்தளைக் குப்பியின் அடியில் புது கேப் பொருத்தி, மருந்து அளந்து ஊற்றி, மேலே புதுக் குண்டை அழுத்தித் திரும்பவும் சுடுவது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்று நுண்ணிய தராசுகளும், எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எத்தனை என்று சொல்லும் அளவுப் புத்தகங்களும் கிடைக்கின்றன. செலவு மிச்சமாகும், குறியும் நேர்த்தியாகும் என்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அங்கேயே பழகிய கைகள் புதியவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது, பிறர் நிரப்பியதைச் சுடாதே என்பதைத்தான். மறுபடி நிரப்பிய தோட்டாவால் சேதம் வந்தால் பொறுப்பில்லை என்று துப்பாக்கி நிறுவனங்கள் பலவும் எழுதியே கொடுத்துவிடுகின்றன.

காரணம் மருந்தின் அளவு. 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவில் போகும் மருந்து சாதாரணமாக அரை கிராம்கூட இருக்காது. சில வகை மருந்துகளில் அது குப்பியின் பாதியையும் எட்டாது. நிரப்புகிறவரை யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள். எழுந்து போய் வந்து அதே குப்பியில் இன்னொரு அளவை ஊற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வழியாது. குண்டை அழுத்தியதும் தவறு கண்ணுக்கு மறைந்துவிடும். அந்தத் தோட்டாவுக்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இரட்டை மருந்து எரியும்போது அந்த எல்லை எங்கோ பின்னால் நின்றுவிடும். குப்பியின் அடி கிழியும், கொதிக்கும் வாயு கைப்பிடிப் பக்கமாகப் பாயும், உலோகச் சில்லுகள் முகத்துக்கு வரும்.

இதற்கு நேரெதிரான தவறும் அதே அளவு கொடியது. மருந்தே விழாத குப்பியில் கேப் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளி நிறுத்திவிடும். பெரிய சத்தம் இருக்காது, ‘டப்’ என்று மட்டும் கேட்கும். சுடுகிறவர் தோட்டா பழுது என்று நினைத்து அடுத்ததை ஏற்றிச் சுட்டால், முன்னால் அடைத்து நிற்கும் குண்டில் இது போய் மோதும். குழல் உப்பும் அல்லது வெடிக்கும். ஒலி குறைந்து கேட்டால் உடனே நிறுத்தி, குழலைக் காலி செய்து பார்க்கும்வரை அடுத்த தோட்டாவைத் தொடக்கூடாது.

மூன்றாவது தவறு மருந்து மாறிப்போவது. இதில் நம் காரைக்காலை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சுக்குப் பெரும் பங்கு உண்டு. 1884இல் பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். ‘பூத்ர் பே’ என்று பெயர். இரண்டே ஆண்டில் அதற்கென்று லெபெல் துப்பாக்கி வந்தது. உலகத்துப் படைகள் எல்லாம் கருமருந்தைக் கைவிடத் தொடங்கின. ‘12 போர்’ (bore) எனும் குழலளவில் பழைய முறைத் தோட்டாவில் கருமருந்து ஐந்து கிராமுக்குக் குறையாமல் போகும். புகையில்லா மருந்து ஒன்றேகால் கிராம் அளவிலேயே அந்த வேலையைச் செய்துவிடும். கருமருந்துக்குப் பழகிய அளவுக் கரண்டியால் ஒருவர் புகையில்லா மருந்தை அள்ளிப் போட்டால் அந்தக் குழல் தாங்காது. தோட்டாவின் வெளிப்புறம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

வியேயின் மருந்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. நாள்பட்டால், அதுவும் வெப்பத்தில் கிடந்தால், தானே சிதையத் தொடங்கும். தூலோன் துறைமுகத்தில் 1907 மார்ச் 12 அன்று ‘இயேனா’ போர்க்கப்பல் வெடித்துச் சுமார் 120 பேர் இறந்தார்கள். 1911 செப்டம்பர் 25 அன்று அதே துறைமுகத்தில் ‘லிபெர்தே’ வெடித்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர். கெட்டுப்போன மருந்தே காரணமாகச் சொல்லப்பட்டது. ஓர் அரசாங்கம், தன் சொந்த ஆலையில் தயாரித்து, தன் சொந்தக் கிடங்கில் வைத்த மருந்து அது. கப்பலில் இருந்த மாலுமிக்கு அதைத் தயாரித்தவரையும் தெரியாது, வயதையும் தெரியாது. அந்த மாலுமிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

நம் கடற்கரையின் வெயிலையும் உப்புக்காற்றையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பழைய காகித உறைத் தோட்டா ஈரத்தில் உப்பி, குழலுக்குள் போகாது. போனால் வெளியே வராது. மருந்தில் ஈரம் ஏறினால் அரைகுறையாக எரியும். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துக் குழலின் உட்சுவரை அரிக்கும். அப்படி அரித்த குழலில்தான் அடுத்தவர் நிரப்பிய தோட்டா போகிறது என்றால், அறியாத இரண்டு விஷயங்களை ஒன்றாக வைத்து விசையை இழுக்கிறோம் என்று பொருள்.

தவறுதலாக இல்லாமல் வேண்டுமென்றே நிரப்பியவர்களும் உண்டு. வியட்நாம் போரில் 1967 முதல் அமெரிக்க ரகசியப் படைப்பிரிவு ஒன்று, எதிரியின் 7.62 மி.மீ. தோட்டாக்களைப் பிரித்து, உந்துமருந்துக்குப் பதில் கடும் வெடிபொருளை நிரப்பி, எதிரியின் பெட்டிகளுக்குள்ளேயே திரும்ப வைத்தது. பெட்டிக்கு ஒன்றுதான். தோட்டா எங்கே செய்தது, யார் கொடுத்தது என்ற சந்தேகமே ஆயுதமாயிற்று. பிறகு தன் சிப்பாய்களையே, கைப்பற்றிய துப்பாக்கிகளைச் சுடாதீர்கள் என்று எச்சரிக்க வேண்டிய நிலைக்கு அமெரிக்கா வந்தது. அதே இந்தோசீனாவில் அதற்கு முந்தைய தலைமுறையில் காரைக்கால், புதுச்சேரியின் ‘சொல்தா’ எனப்பட்ட சிப்பாய்கள் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள் என்பதால், நம் ஊர் வீடுகளில் சைகோன் என்ற பெயர் இன்னும் பழக்கமாகவே ஒலிக்கிறது.

ஆலைத் தோட்டா மட்டும் தவறே செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யும். ஆனால் அங்கே ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து அழுத்தம் அளக்கும் குழலில் சுட்டுப் பார்க்கிறார்கள். தொகுப்பு எண்ணைப் பதிவு செய்கிறார்கள். பழுது தெரிந்தால் அந்தத் தொகுப்பு முழுவதையும் திரும்பப் பெற முடியும். புனேக்குப் பக்கத்தில் கட்கியில் 1869 முதல் இயங்கும் அரசுத் தோட்டா ஆலையின் தயாரிப்புகளைத்தான் நம் நாட்டில் உரிமம் பெற்ற பலர் வாங்குகிறார்கள். 2021 அக்டோபரிலிருந்து அது முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. கையால் நிரப்பிய தோட்டாவில் தொகுப்பு எண் கிடையாது. பொறுப்பேற்க ஆள் கிடையாது.

சட்டம் இந்த விஷயத்தில் தயங்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, உரிமமில்லாமல் துப்பாக்கி செய்வதை மட்டுமல்ல, தோட்டா தயாரிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். நண்பருக்காகச் செய்தேன் என்பது சமாதானமாகாது. காரைக்காலில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று பக்கமும் தமிழ்நாடு, நான்காவது பக்கம் கடல். வாஞ்சூரைத் தாண்டினால் வேறு மாநிலம். உங்கள் உரிமத்தில் எந்த எல்லை எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வண்டியில் வைத்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்கோ புதுச்சேரிக்கோ கிளம்பாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துத் துப்பாக்கியோடு, பரண்மேல் டப்பாவில் பழைய தோட்டாக்கள் உங்கள் வீட்டில் கிடக்கலாம். அதில் சில ஆலைத் தயாரிப்பாகவும் சில யாரோ நிரப்பியதாகவும் இருக்கலாம். இப்போது பிரித்தறிய முடியாது. அவற்றைச் சுட்டுப் பார்க்காதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள், அடுப்பிலோ குளத்திலோ போடாதீர்கள். உரிமம் வைத்திருந்தவர் இறந்துபோனால் அவருடைய துப்பாக்கியையும் தோட்டாவையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. தோட்டா இருக்கிறது என்று முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களிடமே கேட்டு, அதன்படி இந்த வாரமே ஒப்படைத்துவிடுங்கள்.