மூடாத கண்ணுக்கு ஆறு இலக்கம்

என் சின்னம்மா 2009 ஏப்ரலில் இருந்து ஒரு கண்ணைத் திறந்தபடிதான் நித்திரை கொள்கிறார். மாத்தளனில் விழுந்த எறிகணையின் சிதறல் ஒன்று அவரது இடது காதுக்குக் கீழே ஏறியது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இடது இமை முழுதாக மூடுவதில்லை. இரவில் கண்ணுக்குக் களிம்பு பூசி, பழைய நூல்சேலைத் துண்டால் கட்டிக்கொண்டு படுப்பார். "கண்ணுக்குள்ளை மணல் கிடக்கிற மாதிரி" என்பதைத் தவிர வேறு முறைப்பாடு அவரிடமிருந்து வந்ததில்லை.

கண்ணைத் திறப்பதும் மூடுவதும் ஒரே நரம்பின் வேலை அல்ல. மூடுவதற்கான கட்டளை ஏழாவது மூளை நரம்பான முகநரம்பு வழியாக வருகிறது. அது காதுக்குக் கீழே வெளியே வந்து முகத்தில் கிளை பிரிகிறது. அங்கே அடிபட்டால் இமை திறக்கும், ஆனால் மூடாது. தீக்காயத் தழும்பு இமையை இழுத்துப் பிடித்தாலும், தொழுநோய் நரம்பைப் பாதித்தாலும், திடீர் முகவாதம் வந்தாலும் இதே நிலை ஏற்படலாம். மருத்துவத்தில் இதை லகோப்தால்மோஸ் என்பார்கள். மூடாத கண் காயும், கருவிழி புண்ணாகும், கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம்.

என்னோடு படித்து, 2006 இல் படகேறித் தமிழகம் போன தோழி ஒருத்தி இப்போது சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறாள். அமெரிக்காவில் ஒரு நோயாளி மருத்துவரைப் பார்த்ததும், மருத்துவரின் குறிப்பு இவளது கணினிக்கு வரும். அதை வாசித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் போடுவாள். அந்தக் குறியீடுகளை வைத்துத்தான் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும்.

சின்னம்மாவின் கண்ணைப் பற்றி ஒருநாள் தொலைபேசியில் சொன்னபோது, "அதுக்கு ஒரு குறியீடு இல்லை, பெரிய குடும்பமே இருக்கு" என்றாள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 பட்டியலில் இந்த நோய்க்கு ஒரேயொரு குறியீடு: எச்02.2. அமெரிக்கா 2015 ஒக்டோபரில் இருந்து பயன்படுத்தும் அதன் விரிவாக்கத்தில் இது ஆறு இலக்கமாக நீள்கிறது. ஐந்தாவது இலக்கம் காரணத்தைக் கேட்கிறது. 1 என்றால் தழும்பு, 2 என்றால் இமையின் அசைவைத் தடுக்கும் வேறு தடை, 3 என்றால் நரம்புச் செயலிழப்பு, 0 என்றால் காரணம் குறிப்பிடப்படவில்லை. ஆறாவது இலக்கம் எந்தக் கண், எந்த இமை என்று கேட்கிறது. நரம்பு செயலிழந்த இடது மேல் இமைக்கு எச்02.234. கண் காய்ந்து கருவிழியும் அழற்சியடைந்திருந்தால் அதற்கு வேறு குறியீடு சேரும். இடது கண்ணென்றால் எச்16.212.

சிகிச்சைக்கு இன்னொரு பட்டியல் உண்டு. மேல் இமைக்குள் ஒரு சிறு தங்கத் துண்டை வைத்துத் தைப்பார்கள். அதன் பாரத்தில் இமை தானாக இறங்கும். அந்தச் சத்திரசிகிச்சையின் எண் 67912. அதோடு இடது மேல் இமை என்பதைக் காட்டும் ஈ1 என்ற அடையாளமும் போக வேண்டும். நோய்க் குறியீடு வலது கண் என்றும், சத்திரசிகிச்சை இடது இமை என்றும் சொன்னால் பில் திரும்பி வரும். மருத்துவக் காரணம் தெளிவாக இல்லையென்றால், அழகுக்காகச் செய்த இமைச் சத்திரசிகிச்சை என்று மறுக்கவும் இடமுண்டு. ஓர் இலக்கம் பிழைத்ததற்காக நோயாளியின் வீட்டுக்குக் கடன் கடிதம் போகக்கூடிய முறை அது. அதை நான் புகழவில்லை. எங்கள் அரச வைத்தியசாலைகளில் பில் இல்லை என்பது எங்களிடம் மிஞ்சியிருக்கும் பெரிய செல்வம்.

ஆனாலும் ஆசை விடவில்லை. சின்னம்மாவின் கிளினிக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பி, "இதுக்குக் குறியீடு போடு பாப்பம்" என்றேன்.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது: எச்02.209. காரணம் குறிப்பிடப்படவில்லை, கண் குறிப்பிடப்படவில்லை, இமை குறிப்பிடப்படவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "உனக்குச் சின்னம்மாவைத் தெரியுந்தானே?"

"தெரியும். எந்தக் கண் எண்டும் தெரியும். ஆனா கொப்பியிலை இல்லாததை நான் போட ஏலாது. எழுதாதது நடக்காதது. எங்கடை வேலையின்ரை முதல் பாடம் அதுதான்."

கொப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நோயின் பெயர், சொட்டு மருந்தின் பெயர், அடுத்த திகதி. ஒவ்வொரு பக்கமும் அப்படியே. இடது என்ற சொல் இல்லை. காயம் என்ற சொல் இல்லை. 2009 இல்லை. மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் நூறு பேர் காத்திருக்கும்போது, எதிரே இருப்பவரின் முகத்திலேயே தெரிவதை எழுத யாருக்கும் நேரமில்லை.

தோழி இன்னொன்றும் சொன்னாள். கண் நோய்க் குறியீட்டுக்குப் பின்னால், அது எதனால் வந்தது என்பதற்கும் புறக்காரணக் குறியீடு ஒன்றைச் சேர்க்கலாம். அந்தப் பட்டியலில் வை36 என்பது போர் நடவடிக்கைகள். படையினருக்கு மட்டுமல்ல, பொதுமக்களுக்கு ஏற்பட்ட காயங்களுக்கும் அது பொருந்தும் என்று பட்டியலிலேயே எழுதியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில், காலம் கடந்தும் தொடரும் போர்ப் பாதிப்புக்கென்றே வை89.1 இருக்கிறது. ஜெனீவாவில் யாரோ ஒருவர் சின்னம்மாவுக்கென்று ஒரு வரியை ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்த வரிக்குப் போகும் வழி அவரது கொப்பியில் இல்லை.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளும் ஐ.சி.டி-10 முறையில்தான் புள்ளிவிபரம் சேர்க்கின்றன. ஆனால் அந்தப் பதிவேடு விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களுக்கானது. மாதாமாதம் கிளினிக் வந்து போகும் சின்னம்மா அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆக அவருக்கு இருக்கும் ஒரே பதிவு அந்தக் கொப்பிதான்.

இதனால் பாதிக்கப்படுவது புள்ளிவிபரம் மட்டுமல்ல. இழப்பீட்டுக்கான அலுவலகத்தை உருவாக்கும் சட்டம் 2018 இல் வந்தது. அங்கே விண்ணப்பித்தாலும், மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு கேட்டாலும், வெளிநாட்டு வைத்தியர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டாலும், எங்களுக்காகப் பேசப்போவது ஒரு கடதாசி. முகத்தைக் காட்டி எல்லா இடமும் போக முடியாது.

எனவே காயத்தோடு வாழ்பவர்களிடமும் அவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை வைத்தியரிடம் ஐந்து விடயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தப் பக்கம், எந்த இடம், எதனால் வந்தது, எப்போது, இப்போது எந்த அளவில் இருக்கிறது. இரண்டு வரி போதும். பழைய கொப்பி முடிந்தால் எறியாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

போன மாதம் சின்னம்மாவோடு நானும் போனேன். கேட்டதும் அந்த இளம் வைத்தியர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சின்னம்மாவிடமே விசாரித்து எழுதினார்: இடது கண், மேல் இமை, முகநரம்புச் செயலிழப்பு, எறிகணைக் காயம், 2009.

வெளியே வந்ததும் சின்னம்மா கேட்டார், "என்ன பிள்ளை புதுசா எழுதினவர்?"

வாசித்துக் காட்டினேன்.

"இவ்வளவு நாளும் இது அதிலை இல்லையே?" என்றார்.