உடைக்காமல் உள்ளறியும் பணி

ஒரு நிறுவனத்தின் கணக்கேடு ஒழுங்காக எழுதப்பட்டிருப்பது ஒன்று. அந்தக் கணக்கோடு தொடர்பில்லாத ஒருவர் அதைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டிருப்பது மற்றொன்று. வங்கியாளராகிய நாம் பின்னதையே பெரிதும் நம்புகிறோம். தொழிற்சாலையிலும் இத்தகைய தணிக்கையாளர் ஒருவர் உண்டு. அவர் படிப்பது ஏட்டை அன்று, இரும்பை. கொதிகலனின் பற்றவைப்பு, தண்டவாளத்தின் உட்புறம், விமான எந்திரத்தின் சுழல்வட்டு ஆகியவற்றில் மறைந்திருக்கும் குறையை, அப்பொருளை வெட்டாமலும் உடைக்காமலும் அறிந்து சொல்வது அவர் வேலை. இதனைச் சிதைவிலாச் சோதனை என்பர், தொழிற்களத்தில் ‘என்.டி.டி.’ என்றே வழங்குகிறது.

தில்லியிலும் அதைச் சூழ்ந்த ஃபரீதாபாத், காசியாபாத், நொய்டா பகுதிகளிலும் வாழும் நம் வாடிக்கையாளர்கள் சிலர், ஐ.டி.ஐ.யோ பட்டயப் படிப்போ முடித்த தம் பிள்ளைகளை இப்பயிற்சியில் சேர்க்கக் கடன் கேட்டு வருகின்றனர். ‘குறுகிய காலப் படிப்பு, உடனே வெளிநாட்டு வேலை’ என்னும் விளம்பரத்தை நம்பி வருவோரும் உளர். பணம் கட்டுமுன் இத்தொழிலின் தன்மையை அறிந்துகொள்வது நலம்.

இரும்புத்தூணும் கல்பாக்கமும்

இத்தொழிலின் தேவையை விளக்கத் தில்லியிலேயே ஒரு சான்று இருக்கிறது. மெஹ்ரௌலியில் குதுப்மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத்தூண் குப்தர் காலத்தது. ஏறத்தாழ 1,600 ஆண்டுப் பழமை உடையது. உயரம் 7 மீட்டருக்குச் சற்று மேல். எடை 6 டன்னுக்கும் அதிகம். இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து, ஒன்றோடொன்று இணைத்து இதனை உருவாக்கினர். அந்த இணைப்புகள் உள்ளே எந்நிலையில் இருக்கின்றன? சாதாரண இரும்பாயின் ஒரு துண்டை வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம். இத்தூணில் கத்தி வைக்க யார் இசைவார்?

கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அறிஞர்கள், தூணை நின்ற இடத்திலேயே வைத்து, மீயொலி உள்ளிட்ட சிதைவிலா முறைகளால் ஆராய்ந்தனர். பால்தேவ் ராஜ் முதலியோர் எழுதிய அந்த ஆய்வுக் கட்டுரை 2005ஆம் ஆண்டு ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது.

தொழிற்சாலையின் சிக்கலும் இதுவே. ஒரு குழாய்ப் பாதையில் 100 பற்றவைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றை அறுத்துப் பார்த்தால் அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே தெரியவரும். அறுத்தது இனிப் பயன்படாது. மற்ற 99 குறித்து ஊகமே எஞ்சும். ஆகவே பொருளைக் கெடுக்காமல் ஒவ்வொன்றையும் பார்க்கும் வழிகள் தேவைப்பட்டன.

சோதனை முறைகள்

முதற்கருவி கண். நல்ல ஒளியில், தூய்மையாக்கிய பரப்பைப் பயின்ற கண்ணால் பார்ப்பதே எல்லாச் சோதனைகளுக்கும் தொடக்கம்.

அடுத்தது ஊடுருவு சாயச் சோதனை. பரப்பைத் துடைத்துச் சிவப்புச் சாயத்தைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிடுவர். பிறகு மேலே உள்ள சாயத்தை நீக்கிவிட்டு வெண்பொடியைத் தெளிப்பர். விரிசலுக்குள் புகுந்திருந்த சாயம் வெளியே கசிந்து, வெண்மையின்மேல் சிவப்புக் கோடாகத் தோன்றும். செலவு குறைவு, ஆயினும் பரப்பில் வாய்திறந்த விரிசலை மட்டுமே இது காட்டும். காந்தத்துகள் சோதனை பரப்பை ஒட்டி உள்ளே இருக்கும் விரிசலையும் காட்டக்கூடியது. ஆனால் இரும்பு போன்று காந்தமேற்கும் உலோகங்களுக்கே அது பயன்படும்.

ஆழத்தில் இருப்பதை அறிய மீயொலி உதவுகிறது. எஃகில் இவ்வொலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 20 மில்லிமீட்டர் தடித்த தகட்டில் ஒலி அடிப்பரப்புவரை சென்று திரும்ப 40 மில்லிமீட்டர் கடக்க வேண்டும். அதற்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 6.8 பங்கு நேரம் ஆகும். 4 பங்கு நேரத்திலேயே எதிரொலி வந்துவிட்டால், ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒலியைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. அது விரிசலா, கசடா, அரிப்பால் தகடே தேய்ந்துவிட்டதா? கருவி திரையில் ஒரு கோட்டைத்தான் காட்டும். அதன் பொருளைச் சொல்ல வேண்டியவர் சோதனையாளர். இரயில்வேயில் தண்டவாளங்களையும் அச்சுகளையும் இம்முறையில் சோதிப்பது அன்றாடப் பணியாகும்.

ஐந்தாவது, கதிர்ப்படச் சோதனை. மருத்துவமனையில் எலும்பைப் படம் எடுப்பதுபோல் எக்ஸ் கதிர் அல்லது காமா கதிரால் பற்றவைப்பைப் படம் எடுப்பர். காற்றுக்குமிழியும் கசடும் இதில் தெளிவாகத் தெரியும். ஆனால் கதிருக்குக் குறுக்கே படுத்திருக்கும் மெல்லிய விரிசல் தப்பிவிடக்கூடும். ஒரு முறையின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால், எந்த இடத்துக்கு எது தகும் என்று தேர்வதே இத்தொழிலின் முதன்மையான அறிவு.

கதிரோடு பழகும் ஒழுங்கு

காமா கதிர்ப்படத்துக்குப் பெரிதும் பயன்படும் இரிடியம்-192 என்னும் கதிர்மூலத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 74 நாள். இதைக் கையாளுவோர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். உரிய பயிற்சியும் தேர்ச்சியும் இன்றி எவரும் இப்பணியில் ஈடுபட இயலாது. உடலில் ஏறும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் அளவட்டையை அணிதல் கட்டாயம். பணியாளர் ஒருவர் ஏற்கக்கூடிய கதிர்வீச்சு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டலாகாது.

இவ்விதிகள் வெறும் சடங்கல்ல என்பதைத் தில்லி நேரில் கண்டிருக்கிறது. 2010ஆம் ஆண்டு, தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்பாடின்றிக் கிடந்த காமா கதிரூட்டுக் கருவி ஒன்று பழைய பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்குச் சென்றது. அது ஆய்வுக்கூடக் கருவி, தொழிற்சோதனைக் கருவியன்று. ஆயினும் அதனுள் கோபால்ட்-60 இருந்தது. உள்ளிருப்பது இன்னதென அறியாமல் அதைப் பிரித்த தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளாயினர், ஒருவர் உயிரிழந்தார். கோபால்ட்-60இன் அரை ஆயுள் ஏறத்தாழ 5.27 ஆண்டு. 25 ஆண்டுகளில் அதன் வீரியம் ஏறத்தாழ 4 விழுக்காடாகக் குறைந்திருக்கும். அந்த 4 விழுக்காடே உயிரைப் பறித்தது. பூட்டும் பதிவேடும் எச்சரிக்கைப் பலகையும் எதற்கு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை.

கையொப்பத்தின் எடை

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், 296 பேருடன் பறந்த ஒரு டி.சி.-10 விமானத்தின் வால் எந்திரச் சுழல்வட்டு உடைந்து சிதறியது. அதன் துண்டுகள் கட்டுப்பாட்டு எண்ணெய்க் குழாய்களை அறுத்தன. சூ நகர விமானநிலையத்தில் அவசரமாக இறங்க முயன்றபோது விமானம் நொறுங்கி 110-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வட்டு செய்யப்பட்டபோதே டைட்டானியத்தில் இருந்த சிறு குறை, நாளடைவில் விரிசலாக வளர்ந்திருந்தது. முந்தைய ஆண்டில்தான் அவ்வட்டுக்கு ஊடுருவு சாயச் சோதனை நடந்தது; கண்டறியத்தக்க அளவில் அப்போதே விரிசல் இருந்தும் அது தவறவிடப்பட்டது என விசாரணை முடிவு கூறியது. சோதனையிடும் மனிதரின் இயல்பான வரம்புகள் போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை என்பதையும் அது சுட்டியது.

வாசகர்கள் இதனைக் கருத வேண்டுகிறோம். நாள் முழுதும் பார்த்தவை எல்லாம் நல்லனவாகவே இருக்கும்போது கண் சோர்வடைகிறது. அடுத்ததும் நன்றாகவே இருக்கும் என்று மனம் முன்கூட்டியே முடிவுகட்டுகிறது. ‘குறை உண்டு’ என்று எழுதினாலோ, பற்றவைப்பை அகழ்ந்து மீண்டும் செய்ய வேண்டும்; ஒப்பந்ததாரருக்குப் பொருள் இழப்பு, மேலாளருக்குக் காலத் தாழ்வு. ஆகவே ‘சரி’ என்று எழுதுவது எல்லாருக்கும் இனிது. இந்த இனிமைக்கு இணங்காதிருப்பதற்காகவே சோதனையாளருக்குச் சம்பளம் தரப்படுகிறது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதும் ஓர் அறிக்கை, பொய்யான தணிக்கை அறிக்கையைக் காட்டிலும் கொடியது; அங்கே இழப்பது பணம், இங்கே இழப்பது உயிர்.

சான்றிதழ் என்பது யாது?

இத்தொழிலில் மூன்று நிலைகள் உண்டு. முதல்நிலையர் மேற்பார்வையில் சோதனை செய்வார். இரண்டாம் நிலையர் கருவியை அளவு சரிசெய்து, முடிவை ஆராய்ந்து அறிக்கை எழுதுவார். மூன்றாம் நிலையர் சோதனை நெறிகளை வகுத்துப் பிறரைப் பயிற்றுவிப்பார். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே தகுதி பெற வேண்டும்.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பெரிதும் வழக்கில் உள்ள அமெரிக்கப் பரிந்துரை நெறியின்படி, சான்றளிப்பவர் பணியமர்த்தும் நிறுவனமே. பயிற்சி நேரம், களத்தில் பெற்ற அனுபவம், தேர்வு, ஆண்டுதோறும் அண்மைப் பார்வைச் சோதனை ஆகிய அனைத்தும் சேர்ந்தே தகுதி முழுமையடையும். வேலையை விட்டு விலகினால் அச்சான்று தானே தொடராது. புதிய நிறுவனம் மீண்டும் சான்றளிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9712 என்னும் பன்னாட்டுத் தரத்தில் சான்று தருவது தனிப்பட்ட ஓர் அமைப்பு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சிதைவிலாச் சோதனைக் கழகமும் பயிற்சி, சான்றளிப்புப் பணிகளில் ஈடுபட்டுள்ளது. ஆக, பயிற்சிக்கூடம் தரும் தாள் தொடக்கப்படியே. அதுவே வேலைக்கான உரிமம் ஆகாது.

கடன் பெறுமுன்

பயிற்சிக்கூடத்தைத் தேர்வோர் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. எந்த முறைகளில், எந்த நிலைக்கு, எத்தனை மணிநேரப் பயிற்சி? பயிற்றுவிக்கும் மூன்றாம் நிலையர் யார்; அவருடைய சான்று நடப்பில் உள்ளதா? விரிசலுள்ள மாதிரித் துண்டுகளைக் கையால் சோதிக்க வாய்ப்புண்டா? அனுபவக் காலத்தை எந்த நிறுவனத்தில் கழிக்க முடியும்? இவற்றுக்கு எழுத்தில் விடை தராத இடத்தில் பணம் கட்ட வேண்டா. வெளிநாட்டு வேலை என்பாரிடம், அம்முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் ‘இமைக்ரேட்’ தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்.

தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை ஒட்டிய பயிற்சிகளுக்கு 2015இல் அறிமுகமான திறன் கடன் திட்டத்தில் உச்சவரம்பு ரூ.1.5 இலட்சமாக இருந்தது. 2024இல் அது ரூ.7.5 இலட்சமாக உயர்த்தப்பட்டது. எல்லாத் தனியார் கூடங்களும் இத்திட்டத்தில் அடங்கா என்பதால், சேர்க்கைக்கு முன்பே கிளையில் கேட்டறிதல் வேண்டும். உச்சவரம்பு என்பது வாங்கியே தீர வேண்டிய தொகையும் அன்று. ரூ.60,000 கடனை 36 மாதங்களில் திருப்பினால் அசல் மட்டும் மாதம் ஏறத்தாழ ரூ.1,667, வட்டி தனி. தொடக்க நிலை ஊதியத்தில் வாடகையும் உணவும் போக இத்தொகை மிஞ்சுமா என்று முதலில் கணக்கிடுங்கள். முதலில் ஒன்றிரண்டு முறைகளில் தகுதி பெற்று, ஈட்டும் ஊதியத்தில் மற்றவற்றைப் பின்னர்ப் பயில்வதும் நல்வழியே.

கூர்ந்த பார்வையும் பொறுமையும், ‘இது ஆகாது’ என்று எழுதும் உறுதியும் உள்ள இளைஞருக்கு இது நல்ல தொழில். அவரால் காக்கப்படுவோர் அவர் பெயரை அறியமாட்டார்கள். கொதிகலன் வெடிக்காத நாளில் அவரை எவரும் நினைப்பதும் இல்லை. ஆயினும் பாதுகாப்பாக ஓடும் ஒவ்வோர் இரயிலின் பின்னும் அத்தகையோர் இட்ட கையொப்பங்கள் இருக்கின்றன. நம் வாடிக்கையாளர் இல்லப் பிள்ளைகளின் கையொப்பமும் அவற்றுள் ஒன்றாகுமாயின், அதற்கென வழங்கும் கடனைத் தகுதியான முதலீடாகவே நாம் கருதுவோம்.