கிட்டார் வாசிக்கத் தெரியாத ரேடியோ மெக்கானிக் செய்த கிட்டார்! - டெலிகாஸ்டரைக் கழற்றிப் பார்ப்போமா?

அமெரிக்காவில், 1950-ல் இசைக்கருவி வியாபாரிகள் முன்னால் ஒரு புது கிட்டார் வந்து நின்றது. வழக்கமான கிட்டாருக்கு இருக்கும் வயிறு அதற்கு இல்லை. ஒன்றேமுக்கால் அங்குலத் தடிமனில் ஒரு பலகை, அதில் ஸ்குரூ போட்டு முடுக்கிய ஒரு நெக், ஆறு கம்பிகள். அவ்வளவுதான். 'இது என்ன படகுத் துடுப்பா?', 'பனி அள்ளுகிற மண்வெட்டியா?' என்று கேலி கிளம்பியது.

அந்தப் பலகைக்குத்தான் இன்று டெலிகாஸ்டர் என்று பெயர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்த ஒரிஜினல் ஒன்று ஏலத்துக்கு வந்தால், நல்ல கார் வாங்கும் பணத்தைக் கொடுக்க ஆள் இருக்கிறது. அந்தப் பணம் இல்லாதவர்களுக்காக, அதே தேன் நிற உடல், அதே கறுப்புத் தகடு, அதே பித்தளைத் துண்டுகளோடு புதிதாகச் செய்து 'வின்டேஜ் ஸ்டைல்' என்று விற்கிறார்கள். 70 வருடங்களுக்கு முந்தைய டிசைனை அப்படியே காப்பி அடிக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். நல்லவேளையாக, கழற்றுவதற்கென்றே செய்யப்பட்ட கிட்டார் இது.

கணக்கர், மெக்கானிக், முதலாளி

இதைச் செய்த லியோ ஃபெண்டர், 1909-ல் கலிஃபோர்னியாவின் அனஹைம் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். படித்தது கணக்குப்பதிவியல். பொருளாதார மந்தம் கணக்கர் வேலையைப் பறித்துக்கொள்ள, 1938-ல் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். பாட்டு, நடனக் குழுக்காரர்கள் பழுதான ஆம்ப்ளிஃபையர்களைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் வந்தார்கள்.

லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இந்தக் கதையில் முக்கியமான தகவல் அதுதான் என்பேன். வாத்தியம் செய்கிற பரம்பரைக்காரர்கள் வயலினை மனதில் வைத்துக் கிட்டார் செய்தார்கள். இவர் ரேடியோவை மனதில் வைத்துச் செய்தார். எந்தப் பாகம் முதலில் கெடும், அதை எத்தனை ஸ்குரூவைக் கழற்றி மாற்றலாம் என்பதுதான் அவர் கேள்வி.

சரி, வயிறு ஏன் போனது? நம் வீணைக்குக் குடம் எதற்கோ, அதற்குத்தான் சாதாரணக் கிட்டாருக்கு வயிறு. கம்பியின் சன்னமான அதிர்வை உள்ளே இருக்கும் காற்று வாங்கிப் பெரிதாக்கும். ஆனால், அந்தக் கிட்டாரில் பிக்-அப் மாட்டி, ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டினால், ஸ்பீக்கர் சத்தமே திரும்பிவந்து அந்த வயிற்றை அதிர வைக்கும். 'ஊஊ' என்று ஊளை ஆரம்பித்துவிடும். மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் வருமே, அதே சங்கதி. டிரம்ஸோடு போட்டி போடவேண்டிய நடன அரங்குகளில் இது பெரிய தலைவலி. வயிற்றை எடுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

இந்த யோசனை லியோவுக்கு மட்டும் வந்ததில்லை. ரிக்கன்பேக்கர் நிறுவனம் முப்பதுகளிலேயே மடியில் வைத்து வாசிக்கும் 'ஃப்ரையிங் பேன்' கிட்டாரைக் கெட்டியான உலோகத்தில் வார்த்திருந்தது. லெஸ் பால் ஒரு மரக்கட்டையில் கம்பி கட்டி வாசித்துக் காட்டினார். பால் பிக்ஸ்பி, பாடகர் மெர்ல் ட்ராவிஸுக்காக 1948-ல் ஒன்று செய்தார். லியோ செய்தது, இதைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தள்ளக்கூடிய பொருளாக மாற்றியதுதான்.

ஸ்குரூடிரைவர் எடுங்கள்

முதலில் பின்பக்கம் திருப்புங்கள். ஒரு சிறிய இரும்புத் தகடு, நான்கு ஸ்குரூ. அதைக் கழற்றினால் நெக் தனியாகக் கையோடு வந்துவிடும். அந்தக் காலத்து நல்ல கிட்டார்களில் நெக்கைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அது வளைந்தாலோ, உடைந்தாலோ, கைதேர்ந்த ஆசாரியிடம் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதிலோ, வேறு நெக்கைப் பொருத்திவிட்டு அன்று மாலையே மேடை ஏறலாம்.

நெக் முழுக்க ஒரே துண்டு மேப்பிள் மரம். விரல் வைக்கும் பக்கத்துக்கெனத் தனிப்பலகை ஒட்டாமல், ஃப்ரெட் கம்பிகளை அந்த மரத்திலேயே நேரடியாக அடித்திருப்பார்கள். உள்ளே நெக் வளையாமல் தாங்கும் இரும்புக் கம்பி ஒன்று உண்டு. அதைப் பின்பக்கமாகச் செருகிவிட்டு, பள்ளத்தை வால்நட் மரப்பட்டையால் மூடினார்கள். வெளிர் மரத்தின் முதுகில் ஓடும் அந்தக் கறுத்த கோட்டைப் பார்த்ததும் ரசிகர்கள் ஃபெண்டர் என்று சொல்லிவிடுவார்கள். தலைப்பகுதியும் பின்னால் சாயாமல் தட்டையாக இருக்கும். தட்டைப் பலகையிலேயே அறுத்தெடுக்கலாம் என்பதால் மரமும் மிச்சம், கீழே விழுந்தால் தலை உடையும் பயமும் குறைவு. சுருதி கூட்டும் முறுக்காணிகள், வீணையில் பிருடை என்போமே, அவை ஆறும் ஒரே பக்க வரிசையில் இருக்கின்றன.

இனி, அடிப்பக்கம். கம்பிகள் உடலின் பின்பக்கத்திலிருந்து மரத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து, ஓர் இரும்புத் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் மூன்று பித்தளை உருளைகளில் ஏறுகின்றன. ஓர் உருளைக்கு இரண்டு கம்பி. அதே இரும்புத் தகட்டிலிருந்துதான் பிக்-அப்பும் தொங்குகிறது. பிரிட்ஜையும் பிக்-அப்பையும் ஒன்றாக்கிய இந்த அமைப்புக்கு லியோ 1951-ல் காப்புரிமை வாங்கினார். இதற்கு மேலே மூட ஒரு குரோம் மூடியும் கொடுத்தார்கள். வாசிக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று பலரும் அதைக் கழற்றி சிகரெட் சாம்பல் தட்டப் பயன்படுத்த, 'ஆஷ்ட்ரே' என்பதே அதன் பெயராகிவிட்டது!

பிக்-அப் என்பது பெரிய மர்மம் இல்லை. கம்பிக்கு ஒன்றாக ஆறு காந்தத் தூண்கள், அவற்றைச் சுற்றி தலைமுடியைவிடச் சன்னமான செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். நைலான் கம்பி மாட்டினால் இதற்குக் காது கேட்காது. பிரிட்ஜ் பக்கத்து பிக்-அப்பைச் சாய்வாகப் பொருத்தியிருப்பதால் மெல்லிய கம்பிகளின் சத்தம் பிரிட்ஜுக்கு மிக அருகில் எடுக்கப்படுகிறது. சுற்றிலும் இரும்புத் தகடு வேறு. அந்தப் பளீரென்ற, கண்ணாடியில் சுண்டியது போன்ற டெலிகாஸ்டர் சத்தம் இங்கேதான் உருவாகிறது.

வால்யூம், டோன், சுவிட்ச் மூன்றும் ஒரு நீளத் தகட்டில் இருக்கும். இரண்டே ஸ்குரூ, தூக்கினால் வயரிங் மொத்தமும் வெளியே வரும். ஒரு ரேடியோ மெக்கானிக்கின் கையெழுத்து என்று நான் சொல்வது இதைத்தான்.

கையெழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தத் தொழிற்சாலையில் நெக் இழைத்த டேடியோ கோமஸ், நெக்கின் அடியில் பென்சிலால் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் குறித்து வைத்தார். 1956-ல் வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா, பின்னாளில் தான் சுற்றிய பிக்-அப்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இன்று சேகரிப்பாளர்கள் தேடுவது இந்தத் தொழிலாளிகளின் கையெழுத்துகளைத்தான்.

பெயரில்லாத சில மாதங்கள்

இந்தக் கிட்டாருக்கு முதலில் வைத்த பெயர் 'பிராட்காஸ்டர்'. கிரெட்ஷ் நிறுவனம், 'எங்கள் டிரம்ஸுக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கிறது' என்று 1951-ன் தொடக்கத்தில் தகவல் அனுப்பியது. அச்சடித்த ஸ்டிக்கர்களை வீணாக்க மனமில்லை. பெயர் இருந்த பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, 'ஃபெண்டர்' என்ற சொல்லை மட்டும் ஒட்டி விற்றார்கள். அப்போதுதான் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த டெலிவிஷனின் நினைவில் 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் வந்தது. இடைப்பட்ட பெயரில்லாத கிட்டார்களை இன்று 'நோகாஸ்டர்' என்கிறார்கள். விலையைக் கேட்காதீர்கள்.

குறையும் சேர்த்துத்தான் விலை

வின்டேஜ் ஸ்டைல் வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். பழைய டிசைனை அப்படியே எடுத்தால் அதன் குறைகளும் கூடவே வரும். ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் ஏற்ப அதன் நீளத்தை இம்மியளவு கூட்டிக் குறைத்தால்தான் மேல் ஸ்தாயியில் சுருதி சரியாக நிற்கும். மூன்று பித்தளை உருளையில் ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்துக் கம்பி விலகும். விரல் வைக்கும் பரப்பு பழைய பாணியில் நன்றாக வளைந்திருக்கும். கார்ட் பிடிக்கச் சுகம், ஆனால் மெல்லிய கம்பியை இழுத்து வாசித்தால் சில நேரம் சத்தம் பாதியில் செத்துவிடும். நெக்கின் உள்கம்பியை முடுக்கவோ, பெரும்பாலும் நெக்கையே கழற்ற வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்-அப் என்பதால் டியூப்லைட் பக்கத்தில் நின்றால் ரீங்காரம் கேட்கும். இவற்றுக்கெல்லாம் ஆறு உருளை பிரிட்ஜ் போன்ற தீர்வுகள் எப்போதோ வந்துவிட்டன. பிள்ளைக்கு முதல் கிட்டார் வாங்கும் பெற்றோர், பழைய அழகில் மயங்காமல் அந்த நவீன மாடலையே வாங்குவது நல்லது. சத்தத்தின் ருசி பிடிபட்ட பிறகு பித்தளைக்கு வரலாம்.

மரத்தின் கதை வேறு. பழைய உடல்கள் எடை குறைந்த ஆஷ் மரம். அந்த மரத்தால்தான் சத்தம் என்று சொல்வோர் உண்டு, பிக்-அப்புக்கு மரம் எப்படித் தெரியும் என்று மல்லுக்கட்டுவோரும் உண்டு. என் ஓட்டு இரண்டாம் கட்சிக்கு. ஆனால், மரமே இல்லாமல் போகிறது என்பதில் சண்டை இல்லை. மிசிசிப்பி ஆற்றோர வெள்ளங்களும், ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்த பச்சை நிற வண்டு ஒன்றும் ஆஷ் மரங்களைப் பதம் பார்க்க, 2020-ல் ஃபெண்டர் நிறுவனம் வழக்கமான மாடல்களில் ஆஷ் உடலை நிறுத்துவதாக அறிவித்தது. மிச்சமிருப்பது சில வின்டேஜ் மாடல்களுக்கு மட்டும் என்று அப்போது சொன்னது.

லியோ 1965-ல் தன் கம்பெனியை 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ் நிறுவனத்திடம் விற்றுவிட்டார். அந்தக் கம்பெனி 1982-ல், அவருடைய 1952 டெலிகாஸ்டரை மூன்று உருளைகளோடு மறுபடி செய்து விற்க ஆரம்பித்தது. அப்போது அதே ஃபுல்லர்டன் ஊரில், ஜி அண்ட் எல் என்ற தன் புதிய தொழிற்கூடத்தில், எழுபதைத் தாண்டிய லியோ புது காந்தம், புது பிரிட்ஜ் என்று பழைய குறைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1991 மார்ச் 21-ல் அவர் இறந்தார். அதுவரை அவர் வேலையை விடவில்லை.