கால் நகங்களைப் பூஞ்சையிலிருந்து காப்போம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் பலரின் கால்விரல் இடுக்குகள் ஊறி, வெளுத்து, வெடித்திருப்பதைக் காண்கிறோம். சம்பா நடவுக்குச் சேற்றில் நிற்பவர்கள், கரும்புக்கு நீர் பாய்ச்சுபவர்கள், நாள் முழுதும் ஷூ அணிந்து பணிபுரிபவர்கள் ஆகியோரிடம் இது மிகுதி. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய நாட்களில் தேங்கிய நீரில் நடப்பதை எவராலும் தவிர்க்க இயலாது. ஆனால் அதன்பின் பாதத்தை எவ்வாறு பேணுகிறோம் என்பது நம் கையில்தான் உள்ளது. சேற்றுப்புண்ணைக் கவனியாது விட்டால், அங்குள்ள பூஞ்சை மெல்ல நகத்திற்குள் புகுந்துவிடும்.

நகத்தில் நிகழ்வது என்ன?

தோலின் மேலடுக்கும் நகமும் கெரட்டின் என்னும் ஒரே புரதத்தால் ஆனவை. இப்பூஞ்சைகளுக்கு அதுவே உணவு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அவை பெருகி, நகத்தின் நுனியிலும் ஓரத்திலும் நுழைகின்றன. நகம் மஞ்சளாகவோ வெண்மையாகவோ மாறி, தடித்து, பொடியாக உதிர்கிறது. இதையே நகச்சொத்தை என்கிறோம். தொடக்கத்தில் வலி இராததால் பலரும் ஆண்டுக்கணக்கில் இதைப் பொருட்படுத்துவதில்லை.

நகச்சுற்று என்பது வேறு. அதில் நகத்தைச் சுற்றியுள்ள சதை ஓரிரு நாளில் சிவந்து, வீங்கி, வலிக்கும். தடித்த நகம் எல்லாமே பூஞ்சையால் வருவதும் அன்று. அடிபடுதல், சொரியாசிஸ் போன்றவையும் காரணமாகலாம். எனவே நகத்துகளைச் சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் பரிசோதித்த பின்னரே மாத்திரை தருகிறோம்.

வருமுன் காப்பது ஏன் சிறந்தது?

கால் நகம் மாதத்திற்குச் சுமார் 1.5 மி.மீ. மட்டுமே வளரும். பெருவிரல் நகம் முழுதும் புதிதாக வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகும். களிம்பு மட்டும் தடித்த நகத்தை எளிதில் ஊடுருவாது. மாத்திரையைப் பெரும்பாலும் 12 வாரங்கள் உட்கொள்ள நேரிடும். அதற்குமுன் கல்லீரல் பரிசோதனையும் தேவைப்படலாம். குணமான பின்னும் நோய் திரும்புவதுண்டு.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அழகு சார்ந்த குறை மட்டுமன்று. உணர்ச்சி குறைந்த பாதத்தில், தடித்த நகம் அழுத்தி உண்டாக்கும் புண் தெரியாமலே ஆழமாகும். விரலிடுக்கு வெடிப்பின் வழியே பாக்டீரியா புகுந்தால் கால் முழுதும் வீங்கக்கூடும். முற்றிய நிலையில் விரலையே இழக்க நேரலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

• வயலிலிருந்தோ கோயிலிலிருந்தோ திரும்பியதும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் தனித்துணியால் ஒற்றி உலர்த்துங்கள். மெட்டி அணிபவர்கள் அதன் அடியிலும் ஈரமின்றித் துடைக்க வேண்டும்.

• பருத்திக் காலுறைகளை நாள்தோறும் மாற்றி, துவைத்து, வெயிலில் உலர்த்துங்கள். ஒரே ஷூவைத் தொடர்ந்து அணியாமல், ஒருநாள் விட்டு அணிந்தால் உட்புற ஈரம் காயும்.

• நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரங்களைத் தோண்டாதீர்கள். நகவெட்டியையும் செருப்பையும் பிறருடன் பகிர வேண்டா.

• சேற்றுப்புண், படர்தாமரை ஆகியவற்றுக்கு உடனே சிகிச்சை பெறுங்கள். அரிப்பு அடங்கியதும் மருந்தை நிறுத்தாமல், மருத்துவர் கூறிய நாள்வரை பூசுங்கள்.

• ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கிப் பூசாதீர்கள். அரிப்பு தணிந்தாலும் பூஞ்சை உள்ளே பரவும்.

• நிறம் மாறிய நகத்தின்மேல் மருதாணியோ நகப்பூச்சோ இட்டு மறைக்காதீர்கள். நோயின் போக்கு தெரியாமல் போகும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

முதியோர் பலரால் குனிந்து தம் பாதத்தைப் பார்க்க இயலாது. பார்வை மங்கியவர்களுக்கு நகத்தின் நிறமாற்றம் தெரியாது. வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் அவர்களுடைய விரலிடுக்குகளையும் நகங்களையும் நீங்கள் பாருங்கள். நீரிழிவு உள்ளவரின் நகத்தை வெட்டும்போது சதையில் படாமல் கவனியுங்கள். நகம் மிகத் தடித்திருந்தால் எங்களிடம் அழைத்து வாருங்கள். சிவப்பு, வீக்கம், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.